பெரட்டில் நின்ற வீரம்மா

இலங்கையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் வீரம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஐம்பத்தேழாம் வருஷத்து மழையில் அவள் நிறைகூடையோடு இறங்கும்போது வழுக்கி, தண்ணீர் வடியும் கானின் கல்லில் இடுப்பு அடிபட விழுந்தாள். கணவன் கந்தப்பன் லயத்து வரிசை வீட்டுக்குத் தூக்கி வந்தான். இடது காலை அசைத்தாலே உயிர் போனது.

நோவாளியும் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பார்த்துத் துண்டுச்சீட்டு கொடுத்தால்தான் மருந்து. வராதவள் பெயர் பதிவிலிருந்து வெட்டு. செத்தவர்களுக்கு மட்டும்தான் விலக்கு, அவ்வளவு தாராளம்!

"பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் நில்லு புள்ள. துண்ட வாங்கிட்டு ஒடனே தூக்கிட்டு வந்துர்றேன்" என்று மறுநாள் காலை அவளைத் தாங்கிக்கொண்டு போனான் கந்தப்பன்.

அவளுக்கும் ரோஷம். அத்தனை பேர் முன்னால் அலற மனமில்லை. கணக்கப்பிள்ளை கையை விடச் சொன்னதும் கந்தப்பன் விட்டான். அவள் நின்றாள்.

"நல்லாத்தானே நிக்கிறா? என்ன நோவு? மலைக்குப் போ" என்று வேலைக்கு விரட்டினார் கணக்கப்பிள்ளை.

நாலு எட்டு வைப்பதற்குள் உள்ளே ஏதோ மளுக்கென்று இறங்க, அவள் சுருண்டு விழுந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் திட்டினார். "இடுப்புக் குழி முதல்ல கீறித்தான் இருந்திருக்கும். அப்பவே படுக்க வச்சிருந்தா கூடியிருக்கும். நடக்க வச்சு, தொடையெலும்பு குழிய ஒடச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு."

காலில் எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். எலும்பு கூடியது. கால் குட்டையாகிப்போனது. மலையேற முடியாதவளுக்குத் தோட்டத்தில் ஏது பெயர்? வெட்டிவிட்டார்கள். கந்தப்பன் சோறு கேட்டால்கூட, "நில்லுன்னு சொன்ன வாயிதானே" என்பாள். அவனே போட்டுத் தின்பான்.

சில வருஷம் கழித்துப் பக்கத்து லயத்து அம்மாக்கண்ணு அதே மாதிரி விழுந்தாள். காலையில் அவளைப் பெரட்டுக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வீரம்மா தான் ஊன்றி வந்த கம்பை வீசிவிட்டுப் பாதையின் குறுக்கே விழுந்து படுத்தாள்.

"நிக்க வச்சீங்கன்னா என்னைய மிதிச்சிட்டுப் போங்கடா! படுக்க வைங்க அவள!"

கணக்கப்பிள்ளை வந்து கத்தினார். அவள் எழவில்லை. கடைசியில் பலகையில் கிடத்தி, அசைக்காமல் லொறியேற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அம்மாக்கண்ணு தேறி வந்துவிட்டாள். தினமும் காலையில் கூடையோடு வீரம்மாவின் வாசலைத் தாண்டி விறுவிறுவென்று போகிறாள். "அக்கா, ஒங்களாலதான் நடக்குறேன்" என்று கும்பிடுவாள்.

வீரம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்குத் தனக்காகக் குறுக்கே படுக்க ஒரு நாதியில்லாமல் போனதே என்று வயிறுதான் எரிந்தது.