முதுகில் பாக்கெட்

எங்கள் கடையில் பள்ளிச் சீருடை மட்டும்தான் தைப்போம். ஒருவர் காலர் வைப்பார், அவருக்கு எதிர் மெஷினில் இருப்பவர் கை ஏற்றுவார், கடைசியில் நான் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவேன். காலர் வைப்பவர் காலர் அண்ணன். கை ஏற்றுபவருக்குப் பாதி அண்ணன் என்று பெயர். எந்த நகைச்சுவையையும் அவர் முழுசாகச் சொன்னதில்லை. காலையில் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுவார், மீதி சாயங்காலம் கடையைப் பூட்டும்போதுதான். அதுவரை நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு தைக்க வேண்டும்.

காலர் அண்ணன் சரியான சிடுமூஞ்சி. சிரித்தால் காலர் கோணிப் போகும் என்பார். ஆனால் சாயங்காலம் முதல் ஆளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவரும் அவர்தான். இருபத்து மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். இருவரும் ஒரு நாள்கூட ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

காலர் அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் அவர் பயத்தில் ஒரே சட்டைக்கு இரண்டு முறை காலர் வைத்தார். பாதி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஒருத்தன் டெய்லர்கிட்ட வந்து, சட்டை முதுகுல பாக்கெட் வைன்னான். ஏன்யா முதுகுலன்னு டெய்லர் கேட்டான். அதுக்கு அவன் சொன்னான் பாரு..."

"என்ன சொன்னான்?"

"நீ திரும்பி வந்து இந்த மெஷின்ல உட்காரு. சொல்றேன்."

வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். "எல்லாம் உன் காஜா சைஸ்தான்" என்று ஆஸ்பத்திரியில் காலர் அண்ணன் என்னிடம் சொன்னார். ஆனால் வலது தோள் அவரைப் படுத்தி எடுத்தது. வயிற்றில் கை வைத்தவர்கள் தோளில் எங்கேயோ இடித்துவிட்டதாக நினைத்து நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார்.

"வயித்தை உப்ப வெக்க உள்ள காத்து அடிச்சோம். அந்தத் தொந்தரவுதான் தோள்ல தெரியுது. எழுந்து நடங்க, ரெண்டு மூணு நாள்ல போயிடும்" என்றார் நர்ஸ். "இருமினா, சிரிச்சா தலையணையை வயித்துல அழுத்திக்கங்க. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. வலி ஏறட்டும்னு காத்திருந்தீங்கன்னா அப்புறம் மாத்திரை பேச்சை அது கேட்காது."

காலர் அண்ணன் காத்திருந்தார். விரலில் ஊசி ஏறினாலும் கையில் இருக்கும் சட்டையை முடித்துவிட்டுத்தான் துணி சுற்றுவார். தாங்க முடிகிற வலிக்கு மாத்திரை போடுவது அவருக்குக் கேவலம். வீட்டுக்கு வந்தும் அண்ணி நீட்டிய மாத்திரையை அப்புறம், அப்புறம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் பாதி அண்ணனும் நானும் பார்க்கப் போனோம். காலை மாத்திரை தண்ணீர் டம்ளர் பக்கத்தில் அப்படியே கிடந்தது. பாதி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கு அவன் சொன்னான் பாரு..." என்று அந்த ஒரு வரியைத்தான் சொன்னார்.

காலர் அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த நொடி அப்படியே சுருண்டார். முகம் வெளுத்து, மூச்சு திணறி, வலி கொஞ்சம் விட்டதும் கத்தினார். "வெளிய போடா! பத்து நாளைக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!"

பாதி அண்ணன் எழுந்தார். "சரிடா, வரல. நீயா கூப்பிடு, வரேன்" என்றார்.

மறுநாள் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒரு குட்டித் தலையணை தைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். அதன் ஒரு பக்கத்தில் பொத்தான் வைத்த பாக்கெட். "மடையன், முதுகுல பாக்கெட் வெச்சிருக்கான்" என்று காலர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே ஏதோ காகிதம் சரசரத்தது. "திறந்தா சிரிச்சுடுவேன். வலி போகட்டும்" என்றார்.

அதன் பிறகு ஒழுங்காக மாத்திரை போட்டார். வராந்தாவில் நடந்தார். தோள் வலி விட்டது. ஆறாம் நாள் போனில் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவனை வரச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். பாதி அண்ணன் அன்று முழுக்கத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு கை ஏற்றினார்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு, பாதி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

காலர் அண்ணன் அந்தத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தார். அழுதால் வயிறு குலுங்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷம் கூட உட்கார்ந்தவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடறானா பாரு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். தலைமாட்டில் நின்றவர்களிடம் அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த முதுகுல பாக்கெட் கதை, உங்ககிட்ட முழுசா சொன்னானா?" பாதி அண்ணன் மனைவியிடமும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

காலர் அண்ணனை வீட்டுக்கு நான்தான் கூட்டி வந்தேன். கட்டிலில் உட்கார்ந்ததும் பாக்கெட்டின் பொத்தானைக் கழற்றினார். அளவு எழுதும் சீட்டு ஒன்று. பாதி அண்ணனின் கோணல் எழுத்தில் இரண்டே வார்த்தை.

மீதி நேர்ல.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எப்போது அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து ஓடி வந்த அண்ணி, "ஏங்க, தலையணையை அழுத்திப் பிடிங்க, வலிக்கும்!" என்று பதறினார்.

தலையணை மடியில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"வலிக்கட்டும், விடு" என்றார்.