சூரியனுக்கு ஒரு மதிப்பெண்

எஸ்தர் டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கீழவாசல் மார்க்கெட்டில் மீன்காரம்மாவோடு விலைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து அவர் மகள் பேசினாள். "அங்கிள், அம்மா தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டேன், தரங்கம்பாடியிலதான் அடக்கம். நம்ம டீச்சர்ஸ் எல்லாருக்கும் நீங்கதான் சொல்லணும்." மீனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். வீட்டில் வைத நேரத்தில்தான் அது நினைவுக்கு வந்தது.

ஆசிரிய நண்பர்களே, நான் செய்தி சொன்னதும் உங்களில் பாதிப் பேர், "யாரு, சூரியன் டீச்சரா?" என்றுதான் கேட்டீர்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்த எஸ்தர் ஞானமணிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அது பாராட்டி வைத்த பெயர் இல்லை. எரிச்சலில் வைத்தது, வைத்தவர்கள் நாம்தான். நடந்ததை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன்.

அவரோடு வேலை பார்ப்பது அப்படியொன்றும் சுகமில்லை. நான் தாவரவியல்காரன். ஒருநாள் ஏழாம் வகுப்பில் சூரியன் ஒரு எரியும் நெருப்புப் பந்து என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறார். இடைவேளையில் டீயை என் பக்கம் நகர்த்தியபடி ஆரம்பித்தார். "எரியல சார். எரியணும்னா ஆக்ஸிஜன் வேணும். அங்க ஏது? வெறகு மாதிரி எரிஞ்சா எப்பவோ சாம்பலாயிருக்கும். அது உள்ளுக்குள்ள ஹைட்ரஜன் சேந்து சேந்து ஹீலியமாவுது, அந்தச் சூடு. ராத்திரி பாக்கற நட்சத்திரம் எல்லாத்துலயும் இதே கதைதான்." வகுப்பில் போய்த் திருத்திச் சொல்லும்வரை விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்று ஆகிவிட்டதால் வயலை நம்பி யாரும் பிள்ளையை வளர்க்கவில்லை. துபாய், சிங்கப்பூர் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. பத்தாவது தேறியவன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு மரியாதை, தேறாதவன் ஒவ்வொரு முறை வேலைக்கு வெளிநாடு போகவும் அரசு அனுமதி முத்திரைக்காக ஏஜெண்ட் பின்னால் அலைய வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு நடவு வேலையைப் பாதியில் விட்டுச் சேற்றுக்காலோடு வந்த ஒரு அம்மா கேட்டதை இன்னும் மறக்கவில்லை. "மார்க்கெல்லாம் எதுக்கு சார், பாஸாயிடுவானா? அத மட்டும் சொல்லுங்க." எங்களுக்கு மதிப்பெண் என்பது எண். அவர்களுக்கு அது கதவு.

அப்படியொரு சித்திரை வெயிலில், தஞ்சாவூரில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று: பூமிக்கு மிக அருகிலுள்ள விண்மீன் எது? 'கீ' என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பில் பிராக்சிமா சென்டாரி என்று இருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்த வாக்கியம் வேறு. 'சூரியனுக்கு அடுத்தபடியாக' என்று தொடங்கும். கேள்வி எடுத்தவர் அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டார். தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தபோதே டீச்சர் எழுந்து சொன்னார். அவர், "பாத்துக்கலாம் டீச்சர், உக்காருங்க" என்றார். டீச்சர் உட்கார்ந்தார். ஆனால் 'சூரியன்' என்று எழுதியிருந்த தாளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் பிற்பகல் அது பிடிபட்டது. சரிபார்ப்புக்காக அவர் கட்டிலிருந்து தலைமைத் தேர்வாளர் உருவிய தாளில் கூட்டுத்தொகை முப்பத்தைந்து. தேர்ச்சிக்கு அதுதான் எல்லை. அவர் சிவப்புப் பேனாவால் சூரியனை அடித்தார். முப்பத்து நான்கு.

"சார், அது சரியான விடை."

"டீச்சர், கீயில என்ன இருக்கு?"

"கீயில தப்பா இருக்கு."

கூடம் முழுக்கப் பேனாக்கள் நின்றன.

"சூரியன் நட்சத்திரம்னு யாருக்குத் தெரியாது? கேள்வி எடுத்தவரு அத நெனச்சு கேக்கலம்மா."

"அவரு நெனச்சத என்னால திருத்த முடியாது சார். பேப்பர்ல இருக்கறதத்தான் திருத்த முடியும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஜன்னலத் தொறங்க டீச்சர், சாட்சி வெளியில நிக்குது" என்றார். சிரிப்பு எழுந்தது. இன்னொருவர் உண்மையாகவே சந்தேகத்தோடு கேட்டார், "இருந்தாலும் டீச்சர், நட்சத்திரம்னா ராத்திரிதான தெரியணும்?" அந்த நெருக்கடியிலும் டீச்சர் அவருக்கு நிதானமாகப் பதில் சொன்னார். "எங்க ஊர்ல கரையில நிக்கிற படகு வெளக்குல ஒக்காந்து வலை பின்னலாம். அதே வெளக்கு நடுக்கடலுக்குப் போனா புள்ளியாத்தான் தெரியும். வெளக்கு மாறல சார், தூரம்தான் மாறுது. ராத்திரி பாக்கற புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு சூரியன். நம்மளது கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

அதற்குள் முகாம் அலுவலரே வந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முதலில் சிரித்துப் பார்த்தார். "எங்க சூரியனார் கோயிலுக்கு வாங்க டீச்சர். அங்க அவரு ஒன்பது கிரகத்துல ஒருத்தரு."

"கோயில்ல அவரு கிரகமாவே இருக்கட்டும் சார், நான் சண்டைக்கு வரல. இது சயின்ஸ் பேப்பர்."

அப்போதுதான் தலைமைத் தேர்வாளர் குரலைத் தாழ்த்தி அந்த வழியைச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "சரி டீச்சர். அந்தப் பிள்ளைதான உங்க கவலை? வேற ஏதாவது கேள்வியில ஒரு மார்க்கப் போட்டு முப்பத்தஞ்சாக்கி விட்டுடுங்க. நான் கண்டுக்கல. மத்த தாள்லயும் சூரியனை அடிச்சிடுங்க."

எல்லோரும் செய்வதுதான் அது. முப்பத்து நான்கில் நிற்கும் தாளை யாரும் மனசார மூடுவதில்லை. டீச்சர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளைக்கு நான் பிச்சை போட வேண்டாம் சார். அது சரியா எழுதியிருக்கு. இதே மாதிரி எழுதின மத்த பிள்ளைங்களுக்கு யார் போடுவா?" என்றார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

முகாம் அலுவலரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். சென்னைக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். கிடைத்தபோது, காலையில் சொல்கிறோம், அதுவரை விடைக்குறிப்புப்படி திருத்துங்கள் என்று பதில் வந்தது. மேலிடம் மறுத்துவிட்டால் அந்தத் தாள் முப்பத்து நான்கோடு போக வேண்டியதுதான். கையெழுத்தில்லாத கட்டு அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் வெடித்தேன். "குடுக்கறேன்னு சொன்ன மார்க்க வாங்கிப் போட்டிருக்கலாம்ல டீச்சர்? உங்க பிடிவாதத்துக்கு அந்தப் பிள்ளையா கெடைச்சுது?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அறுவடை முடிந்து உளுந்து காய்ந்துகொண்டிருந்த வயல்களைப் பார்த்தபடி வந்தார். மதியச் சாப்பாட்டை அவர் திறக்கவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அய்யம்பேட்டை தாண்டியதும் கேட்டார். "பையனா இருக்குமா, பொண்ணா இருக்குமா சார்?" கையெழுத்தைப் பார்த்தால் பையன் மாதிரி இருந்தது என்றேன்.

மறுநாள் காலையில் யாரும் சரியாக வேலை பார்க்கவில்லை. கட்டைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு டீச்சர் அந்தத் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். முகாம் அலுவலரின் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் எங்கள் வரிசை முழுவதும் தலை தூக்கியது. தலைமைத் தேர்வாளர் இரண்டு முறை வந்து, "டீச்சர், இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிப் போனார். டீக்கு எழுந்திருக்கும் வேளையில்தான் முகாம் அலுவலர் வாசலுக்கு வந்து நின்றார். 'சூரியன்' என்று எழுதியிருந்தாலும் மதிப்பெண் உண்டு என்றார்.

யாரும் கை தட்டவில்லை. அதற்குள் அடுத்த வாக்கியத்தையும் அவர் சொல்லிவிட்டார். அதுவரை திருத்தி முடித்து மூட்டை கட்டிய தாள்கள் அத்தனையையும் பிரித்து மறுபடி பார்க்க வேண்டும். கூடம் கொதித்தது. பேத்தியின் காதுகுத்துக்குப் போக வேண்டியவரும், மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவரும் டீச்சர் காதில் விழும்படியே திட்டினார்கள். அன்றுதான் அந்தப் பெயர் வந்தது. "இந்தாங்க சூரியன் டீச்சர், உங்க மூட்டை." பிரிக்கப் பிரிக்க எத்தனையோ சூரியன்கள் சிவப்புக்கோட்டுக்கு அடியில் கிடந்தன. நானும் பிரித்தேன், நானும்தான் முணுமுணுத்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் அவர் முகத்தில் வெற்றியைத் தேடினேன். ஒன்றுமில்லை, களைப்புதான் இருந்தது. சும்மா சீண்டுவதற்காகத்தான் கேட்டேன். "ஆர்டர் வராம இருந்திருந்தா என்ன டீச்சர் பண்ணியிருப்பீங்க?"

அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா தூக்கமில்ல சார். அவ்வளவு பயமா இருந்துச்சு. காலையிலயே எடம் பாத்து வச்சிட்டேன். உங்க ஒளிச்சேர்க்கை கேள்வியில ஒரு அரை, வேர்த்தூவிப் படத்துல ஒரு அரை. வரலேன்னா சூரியன அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும்னு விட்டுட்டு அந்த ரெண்டு அரையையும் போட்டு, கையெழுத்தும் போட்டிருப்பேன். என் நியாயத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் சார் ஃபெயிலாகணும்?" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூடம் பார்த்தது அந்தப் பிடிவாதத்தை மட்டும்தான். அந்தப் பயத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாளை எழுதியது யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எழுதியவருக்கும் இவரைத் தெரியாது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, முப்பத்து நான்கில் நின்ற எந்தத் தாளையும் நான் சும்மா மூடியதில்லை. முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகப்பட்டேன். அது சரியாக இருந்தால், அரை அரையாகத் தேடினேன். எஸ்தர் டீச்சர் எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டும்தான். இதில் ஒன்று மட்டும் போதும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.