இறுக்கி மூடிய மாங்காய் ஜெருக்

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் ஃபிளாட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். கல்யாணப் பெண்ணின் அம்மா சரோஜா அக்கா. மாப்பிள்ளையின் அம்மா, சுங்கை பாக்காப்பிலிருந்து ருசி பார்க்க வந்தவர். மேசை மேல் நாற்பது போத்தல்.

ஜெருக் என்றால் பழத்தைச் சீனிப்பாகில் ஊறவைப்பது. நான் போட்டது மாங்காய். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப. வேலையை விட்டபின் வந்த முதல் ஆர்டர். இது சரியாக வந்தால்தான் நாலு பேரிடம் சொல்வேன் என்று சரோஜா அக்கா முன்பே சொல்லிவிட்டார்.

என் பழைய வேலையையும் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம். லைனில் வரும் பெட்டியில் ஸ்க்ரூ டைட்டா என்று பார்ப்பது. லூஸ் என்றால் சிவப்பு ஸ்டிக்கர். அதை ஒட்டும்போது நான்தான் மேனேஜர் என்று நினைப்பு.

மாங்காயை உப்பில் போட்டு, மறுநாள் கழுவி, ஆறிய பாகு ஊற்றினேன். பிறகு மூடினேன். போத்தலை முழங்காலுக்கு நடுவில் பிடித்து, துணி சுற்றி, பல்லைக் கடித்து. நாற்பதும் அப்படித்தான். ஐஸ்பெட்டியில் இடமில்லை, அடுப்பு மேடையிலேயே வைத்தேன். இரண்டாம் நாள் குமிழி வந்தது. பாகு நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சம்பந்தி அம்மா ஒரு போத்தலை எடுத்துத் திருகினார். அசையவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கி முக்கிப் பார்த்தார். அவருக்கும் அசையவில்லை.

“இத மூடினது யாரு, மெஷினா?”

“நான்தான்,” என்றேன், பெருமையாக.

அவர் மறுபடி திருகியதும் டப் என்று மூடி பறந்தது. பாகு கூரைக்குப் போனது. ஒரு மாங்காய்த் துண்டு சம்பந்தி அம்மாவின் கொண்டையில் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்து முகர்ந்தார். “கள்ளா மாறிடுச்சு லா. இத குடுத்தா வர்றவங்க காருக்குள்ளயே வெடிக்கும்.”

சரோஜா அக்கா முகம் செத்துவிட்டது. “சம்பந்தி முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே மல்லிகா! ஞாயித்துக்கெழம நான் என்னத்த குடுப்பேன்?”

“வெள்ளிக்கெழம புதுசா தர்றேன்க்கா.”

“மறுபடி வெடிச்சா?”

“வெடிக்காது.”

எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன்.

சம்பந்தி அம்மா கொண்டையைத் துடைத்துக்கொண்டே, “இந்தத் தடவ மூடிய நீ தொடாத. உன் வீட்டுக்காரர் மூடட்டும். அவருக்குத்தான் கையில பலமில்ல,” என்றார்.

நாற்பதையும் கொட்டினேன். பசாருக்குப் போய் மறுபடி மாங்காய். பாகில் சீனியைக் கூட்டினேன். மூடியை வீட்டுக்காரர் சும்மா வைத்தார், இறுக்கித் திருகவில்லை. மூன்று வீட்டு ஐஸ்பெட்டியில் இடம் கேட்டு அடுக்கினோம். வெள்ளிக்கிழமை சரோஜா அக்கா கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் திறந்தார். சத்தம் இல்லை. ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு தின்றார். “சரி, கட்டு,” என்றார். கல்யாணத்தில் ஒரு போத்தல்கூட மிஞ்சவில்லை.

நான் கற்றது இதுதான். ஸ்க்ரூவுக்கு டைட். ஊறுகிற பழத்துக்கு லூஸ். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்திரண்டு வருடமும் நாற்பது போத்தலும் ஆனது.

கூரைக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். மூடியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அண்ணாந்து பாகுக் கறைகளை எண்ணுகிறேன்.

பதினேழு.