கோழிகள் மேய்ந்த காடு

எங்கள் கரிசல் காட்டில் முதல் லோடு சேறு கொட்டியது ஒரு கோடையில். நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில், அடியில் தங்குவதைக் காயவைத்து உரம் என்று சும்மா கொடுத்தார்கள். உரத்துக்கு ஆட்டுக்கிடை போட ஆள் கிடைக்காத வருஷம் அது. என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. லாரி லாரியாகக் கொட்டச் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழைக்கு உளுந்து கருகருவென்று எழுந்தது. அதைவிட ஆச்சரியம் மண்புழு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்தக் காட்டில், நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக இவ்வளவு புழுவைப் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா, மண்ணுக்கு உசுரு வந்துட்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஈரக்கட்டியைப் புட்டுக் காட்டினார்.

அடுத்தடுத்த வருஷங்களிலும் சேறு போட்டோம். என் கோழிகள் பொழுதுக்கும் காட்டிலேயே கிடந்தன. பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளுக்கு, பிள்ளை பிறந்த பிறகும் அந்த முட்டைகளைத்தான் அவித்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். மண்ணும் மண்புழுவும் வேண்டும் என்றாள். இவர் பெருமையாகவே தோண்டிக் கொடுத்தார். புழுக்களைக் கழுவி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் போட்டாள். அவற்றின் வயிற்றில் இருக்கிற மண் கழிந்தால்தான் சோதிக்க முடியுமாம்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தவள், நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்தச் சேத்துல ஈயம், காட்மியம்னு விஷ உலோகமெல்லாம் கலந்திருக்கு. பட்டறைத் தண்ணி, பேட்டரிக் கடைத் தண்ணி எல்லாம் அந்தச் சாக்கடையிலதான விழுது. மண்ணுல இருக்கதவிட புழு உடம்புல காட்மியம் பல மடங்கு ஏறி நிக்கு."

"புழு செத்தா அது போயிருமா?" என்று கேட்டார்.

"மண்ணுக்கே திரும்பிரும். உசுரோட கோழி கொத்தித் தின்னா, தின்ன கோழிக்கு ஏறும்."

நான் முட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"முட்டைய நான் சோதிக்கலம்மா. புள்ளைக்காரிக்குக் குடுக்க வேண்டாம்."

உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் போய் நின்றதும், "இவ்வளவு நாளும் தின்னாச்சேம்மா" என்றாள். 

மறுநாள் சேறு கொடுத்த இடத்துக்கு இவர் போனார். "நாங்களா கட்டாயப்படுத்துனோம்? நீங்க கேட்டுத்தான வாங்குனீங்க" என்று அங்கிருந்த அதிகாரி முடித்துவிட்டாராம்.

கோழிகளை விற்க மனம் வரவில்லை. வாங்குகிறவள் வீட்டிலும் பிள்ளை இருக்கும். எல்லாவற்றையும் அறுத்துப் புதைத்தோம். தின்கிற உளுந்தை விட்டுவிட்டுப் பருத்திக்கு மாறினோம். பேரனைப் பார்த்த டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். எதைச் சோதித்து அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

போன வருஷம் சேற்று லாரிகள் புதூர்ப் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். தன் காட்டில் சேற்றைச் சிதறிக்கொண்டிருந்த சம்சாரியிடம் இவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க காட்டு உளுந்தப் பாத்துட்டு வந்துதான நாங்களும் கேட்டு வாங்குதோம். நீங்க வெளைச்சல் எடுத்து முடிச்சிட்டீங்க, இப்ப எங்கள வேண்டாங்கீங்க."

மறுபடியும் சொல்ல வாயெடுத்த இவரைப் பேசவிடாமல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.