இரண்டு அறைக்கு ஒரு விளக்கு

பொழிச்சலூரில் நாங்கள் குடியிருந்தபோது தெருமுனை கிளினிக்கில் ஒரே ஒரு டாக்டரம்மா. பிளைவுட் வைத்துத் தடுத்த இரண்டு பரிசோதனை அறைகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எமர்ஜென்சி லைட். அறைக்கு ஒன்று வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை; கரண்ட் போனால் டாக்டர் இருக்கும் அறைக்கு லைட்டும் போகும். எனக்கோ, சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும் என்கிற எண்ணம். ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரை அப்படித்தான் சாதித்துக்கொண்டிருந்தேன்.

2008 வாக்கில் ஒரு சாயங்காலம் என் மகள் இரும்பு கேட்டில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். முந்தானையால் அழுத்திப் பிடித்தபடி ஓடினேன். நர்ஸ் காயத்தைத் துடைத்துப் பஞ்சு வைத்து, "தையல் போடணும், டாக்டர் இப்ப வந்துடுவாங்க" என்றார். டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார். "காலைலேர்ந்து வயித்துல கொழந்த அசையவே இல்ல டாக்டர்" என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. அடுத்த நிமிடம் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் மகள் வீறிட்டாள். "இங்க ரத்தம் கொட்டுது, லைட்டை எடுத்துட்டு வாங்க. என்ன கிளினிக் நடத்தறீங்க?" என்று கத்தினேன். உண்மையில் ரத்தம் அதற்குள் நின்றிருந்தது. "அஞ்சு நிமிஷம் அப்படியே படுத்திரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு டாக்டர் லைட்டோடு எங்கள் அறைக்கு வந்தார்.

தையல் போட்டு முடியக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்கூட இல்லை. டாக்டர் லைட்டை எடுத்துக்கொண்டு அங்கே திரும்ப, நானும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினேன். அந்தப் பெண் வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி, டாக்டர் சொல்லிவிட்டு வந்தது போலவே அப்படியே படுத்திருந்தாள். சின்னப் பெண்தான். என்னைப் பார்த்ததும், "பாப்பா ரொம்ப அழுதுச்சேக்கா, வலி கொறஞ்சுதா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அவள் வயிற்றுக் குழந்தைக்கு என்ன என்று தெரிந்திருக்கும். நிற்கப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். அங்கே போனால் நர்ஸிடம் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, தாம்பரத்தில் வேறொரு டாக்டரிடம் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தேன்.