வெள்ளைக் கூரையின் மறுமுனை

இன்றைக்கு அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் 'வெள்ளைக்காரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிறமென்னவோ நல்ல கறுப்பு. கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயின்ட் அடிப்பது தொழில் என்பதால் வந்த பெயர். அதற்கு முன்னால் அவள் பெயர் 'பயந்தாங்கொள்ளி'. அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் மாடிப்படி ஏறுவதற்கே சுவரைத் தடவிக்கொண்டு போவாள். பரண்மேல் இருக்கும் பசை டப்பாவை எடுக்கச் சொன்னால், "வேற யாரையாவது ஏறச் சொல்லுங்க, அவங்க வேலையையும் சேத்து நானே பாத்துடறேன்" என்பாள்.

அவள் வளர்த்து ஆளாக்கிய தங்கச்சி, ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், சிமென்ட் ஷீட் வேய்ந்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கோடையில் தங்கச்சி பிள்ளைத்தாய்ச்சி என்பதால் அக்கா துணைக்கு வந்திருந்தாள். மத்தியானமானால் ஃபேன் அனலை வாரி இறைத்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்சி, பேச்சுமூச்சில்லாமல் அப்படியே சரிந்துவிட்டாள்.

"உடம்புல ஒண்ணுமில்ல, சூடுதான்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வயித்துல இருக்கறதுக்கு ஆபத்து. முதல்ல அந்தக் கூரைய ஏதாவது பண்ணுங்க."

வெள்ளைப் பெயின்ட் அடித்தால் கூரைச் சூடு குறையும் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தாள். பெயின்ட் அடிக்கிறவர்களைக் கேட்டால், அடுத்த வாரம்தான் ஆள் வரும் என்றார்கள். அடுத்த வாரம் வரைக்கும் வெயில் பொறுத்துக்கொள்ளுமா? நேரே ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

"போல்ட்டு வரிசை மேலயே கால வைங்க. அதுக்கு அடியிலதான் இரும்புக் குழாய் ஓடும்" என்றார் கடைக்காரர். "வேற எங்க மிதிச்சாலும் அப்பளமா நொறுங்கிடும். யார்மா ஏறப் போறது?"

"ஆள் இருக்கு" என்றாள். பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஏணியைச் சாய்த்தாள். தங்கச்சி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. மேலே ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தவழும் குழந்தை மாதிரி நின்றாள். ஏணிக்கு எதிர்ப்பக்கத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. கூரை முடிகிற இடத்தில் மூன்று மாடிக்குக் கீழே தெருதான். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்து, முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு, ஒரு பலகைமேல் குந்தியபடி அடிக்கத் தொடங்கினாள்.

அங்கேதான் புத்தி மழுங்கிப்போயிற்று. ஏணிப் பக்கமிருந்து அடித்து வந்தவள், பலகையைப் பின்னால் தள்ளித் தள்ளி, எந்த விளிம்பைக் கண்டு பயந்தாளோ அந்த விளிம்புக்கே போய்ச் சேர்ந்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் ஏணிக்கும் நடுவில் முழுக்க ஈர வெள்ளை. ஏறிவிட்ட வெயில் அதில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குருடாக்கியது. போல்ட்டும் தெரியவில்லை, ஷீட்டும் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெளிச்சம்.

பலகையை மெல்ல முன்னால் நகர்த்தினாள். ஈரத்தில் அது வழுக்கித் திரும்பி, அவள் கையைவிட்டுச் சறுக்கித் தெருப்பக்கம் போய்விட்டது. கொஞ்சம் கழித்துக் கீழே தடாலென்ற சத்தம். "எவன்டா மேல?" என்று ஒருவர் கத்தினார். நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. ஆனால் அது விழுந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் அது எவ்வளவு உயரம் என்று அவளுக்கு உறைத்தது. தடுமாறி ஒரு காலை ஊன்றினாள். காலுக்கடியில் 'படக்' என்று விரிசல் விட்டது.

"அக்கா!" அறைக்குள்ளிருந்து தங்கச்சி அலறினாள். "தூசி கொட்டுது! அசையாத!"

"எங்கடி கால் வைக்கிறது? எனக்குக் கண்ணே தெரியல!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு கீழேயிருந்து 'டங்' என்று இரும்பு ஒலித்தது. தங்கச்சி ஒட்டடைக் கொம்பைத் திருப்பிப் பிடித்துக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது குழாய்க்கா. சத்தம் கேக்குற எடத்துல வா."

டங். அவள் படுத்தமேனிக்கு ஊர்ந்தாள். டங். இன்னும் கொஞ்சம். பெயின்ட் புடவையிலும் முகத்திலும் அப்பியது. பாதிக் கூரை வந்திருப்பாள், சத்தம் நின்றுவிட்டது.

"ஏய்!" என்றாள். பதிலில்லை. "ஏய், இருக்கியாடி?"

தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி மயங்கி விழுந்துகிடக்கிறாள் என்றே நினைத்தாள். அந்த நிமிடம் தெருவும் உயரமும் அவளுக்கு மறந்துபோயின. உள்ளங்கையால் ஈரத்தைத் துழாவினாள். ஒரு புடைப்பு தட்டுப்பட்டது, போல்ட். அதைப் பிடித்து அடுத்ததைத் தேடினாள். விரல்கள் கிழிந்து வெள்ளையில் சிவப்பு கலந்தது. எப்படி ஏணிக்கு வந்தாள், எப்படி இறங்கினாள் என்பதெல்லாம் இன்றுவரை அவளுக்கு நினைவில்லை.

கதவைத் தள்ளினால், தங்கச்சி சொம்பும் கையுமாக நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"தூசியில தொண்ட அடைச்சுப்போச்சுக்கா, தண்ணி குடிச்சேன். நீ கூப்பிட்டப்போ வாய் நெறைய தண்ணி." கையை உயர்த்தி ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். "இங்க வந்து பாரேன், இந்நேரத்துக்குக் கை வைக்கவே முடியாது. இப்ப சுடல."

அக்காவுக்கு அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. முதலில் அவளை நாற்காலியிலிருந்து இறக்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அன்று மத்தியானம் தங்கச்சி அந்த அறையில் தூங்கினாள். அக்கா தூங்கவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தபடியே இருந்தாள். லாரியிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மறுநாள் அவரே கயிற்றோடு ஏறி, உடைந்த ஷீட்டை மாற்றி, இரண்டாவது பூச்சையும் அடித்து முடித்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் வந்து அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தங்கள் கூரைக்கும் அடித்துத் தரச் சொன்னார்கள். பிறகு பட்டறை முதலாளி கூப்பிட்டார். ஒன்று பத்தாகி, அதுவே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. இப்போது இடுப்பில் கயிறு இல்லாமல் ஏறமாட்டாள், விளிம்பிலிருந்து ஏணியை நோக்கித்தான் அடித்து வருவாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால் எரிச்சல் வரும் அவளுக்கு. "எங்க போகும்? கூடவேதான் ஏறுது" என்பாள். போன வாரம்கூட ஒரு கிடங்குக் கூரையில் பாதியில் கால் உதறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் உதவிக்குக் கூடவே வரும் தங்கச்சி கீழேயிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவள் மறுபடி பிரஷை எடுக்கும்வரை.