ஸ்டாக்ஹோமில் ஷூவோடு

ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு மாத வேலையாக வந்திருக்கும் என்னை, இந்த ஊர் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் இங்க்ரிட் காபிக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறாள்.

அமெரிக்கா போன புதிதில் மேனேஜர் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் என் சாக்ஸையே பார்த்தார்கள். அன்றிலிருந்து வெள்ளைக்காரர் வீடென்றால் ஷூவோடுதான் நுழைவது.

இங்கேயும் அப்படியே நுழைந்து சோஃபா வரை போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். இங்க்ரிட், அவள் கணவர், சின்ன மகள், மூவரும் சாக்ஸோடு நிற்கிறார்கள். வெளிர்நிற மரத்தரை நெடுக என் ஷூ விட்ட பனிச்சேறு.

இங்க்ரிட்டுக்குக் கோபமில்லை. துணியால் துடைத்துக்கொண்டே, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறாள்: "இந்தியாவுல வீட்டுக்குள்ளயும் ஷூ போட்டுட்டுத்தான் நடப்பீங்களா?"

மதுரையில் யாராவது செருப்புக்காலோடு உள்ளே வந்தால் அம்மா போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். மேனேஜர் வீட்டுக் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால், நாலு பேர் பார்த்ததற்கே பழக்கத்தை விட்டவன் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"ஆமா," என்கிறேன். "எங்க ஊர்ல அப்படித்தான்."